'திற' என்ற சொல்லைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'திற' என்ற ஒரே வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, என்ன தயார் செய்வது என்பதில் தொடங்கி, புரிந்துவிட்டதா என்று பார்ப்பதுவரை போகிறேன். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து, எது முதலில், எது பிறகு என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின் கிடைத்த வரிசை இது. வரிசைதான் இதில் பாதி வேலை.

வினைச்சொல் ஏன் கடினம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 'டப்பா' என்று சுட்டிக் காட்டினால் டப்பா அங்கேயே இருக்கிறது, பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். திறப்பது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும்போது மிஞ்சியிருப்பது திறந்து கிடக்கும் டப்பாதான், திறந்த செயல் போய்விட்டது. கீழே வரும் படிகள் எல்லாமே அந்த ஒரு நொடியைப் பிள்ளையின் கண்ணில் படவைப்பதற்காகத்தான்.

1. பொருளை முதலில் நீங்கள் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பெரியவர்களிடம் "திறப்பது என்றால் என்ன?" என்று கேட்டால் "மூடாமல் வைப்பது" என்பார்கள். இது பிள்ளைக்கு உதவாது. தெரியாத ஒரு சொல்லை இன்னொரு தெரியாத சொல்லால் விளக்குவதாகிவிடும்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் விளக்கம் இது: மறைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை விலக்கி வழி விடுவது; விலக்கியதைத் திரும்பவும் மூட முடியும். இரண்டாவது பாதி மிக முக்கியம். கதவைத் திறந்தால் மூடலாம், டப்பாவைத் திறந்தால் மூடலாம். வாழைப்பழத்தை உரித்துவிட்டுத் திரும்ப மூட முடியாது. அதனால்தான் தமிழில் அதைத் திறப்பது என்று சொல்வதில்லை.

இதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். எந்தப் பொருளை முதலில் காட்டலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்காகத்தான் இது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மூடியுள்ள எவர்சில்வர் டப்பா இரண்டு, ஒன்று அழுத்தி மூடுவது, ஒன்று திருகி மூடுவது. ஒரு தீப்பெட்டி, குச்சிகளை எடுத்துவிட்டு வெறும் பெட்டியாக. ஜிப் வைத்த ஒரு பை. ஒரு நோட்டுப் புத்தகம். அப்புறம் ஒரு கதவு அல்லது அலமாரி.

இவற்றைத் தனியாக வைத்துவிட்டு, இரண்டாவது குவியல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வாழைப்பழம், செய்தித்தாளில் நூல் சுற்றிக் கட்டிய பொட்டலம், குடை, முடிச்சுப் போட்ட கயிறு, பட்டன் வைத்த சட்டை. இது எட்டாம் படி வரை வெளியே வரக்கூடாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். கைக்குக் கிடைத்ததையெல்லாம் முதல் நாளே பரப்பிவிடுகிறார்கள்.

டப்பாக்களுக்குள் ஏதாவது இருக்க வேண்டும். வெறும் டப்பாவைத் திறப்பதில் ஒரு பிள்ளைக்கும் அக்கறை இருக்காது. ஒரு வளையல், சின்னப் பொம்மை, பம்பரம் என்று வையுங்கள். புளியங்கொட்டை, பொட்டுக்கடலை, சோழி வேண்டாம். இந்த வயதில் வாய்க்குள் போய் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வீட்டிலிருப்பவர்களோடு ஒரு விஷயம் பேசிக்கொள்ள வேண்டும். இப்போது நிறைய வீடுகளில் கதவு, டப்பா, சிப்ஸ் பாக்கெட், குடை, பட்டன் எல்லாவற்றுக்கும் "ஓப்பன் பண்ணு" என்ற ஒரே சொல்தான். பிள்ளைக்கு 'திற' தெரியாமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம். அந்தச் சொல் காதிலேயே விழவில்லையே! ஒரு பத்து நாளைக்காவது எல்லோரும் 'திற' என்றே சொல்வது என்று முடிவு செய்யுங்கள்.

'திற'வா, 'தொற'வா? பேசும்போது வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். "டப்பாவைத் திற" என்று பாடப்புத்தகம் போலச் சொன்னால், பிள்ளை அதையும் "தொற"வையும் இரண்டு தனிச் சொற்களாக எடுத்துக்கொள்ளும். எழுத்து படிக்க வரும்போது 'திற' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

3. சொல் முதலில், செயல் பிறகு

ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

நாம் பெரும்பாலும் டப்பாவைத் திறந்துகொண்டே "பார், தொறக்கறேன்" என்கிறோம், அல்லது திறந்து முடித்துவிட்டு "தொறந்தாச்சு" என்கிறோம். முதலாவதில் பிள்ளையின் கவனம் முழுக்க உங்கள் கைமேல் இருக்கிறது, காது கேட்பதில்லை. இரண்டாவதில் வளையல் வெளியே தெரிந்துவிட்டது, இனி உங்கள் சொல் யாருக்கு வேண்டும்?

சரியான முறை: டப்பாவைக் கையில் எடுங்கள். குலுக்குங்கள், உள்ளே சத்தம் கேட்கட்டும். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது "அத்தை இப்ப இதைத் தொறக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு திறங்கள்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் பிள்ளை என்ன நடக்கப்போகிறது என்று எதிர்பார்க்கிறது. எதிர்பார்ப்பில் சொல் தங்குகிறது, அடுத்த நொடியில் செயல் வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. உளவியல் ஆய்வாளர்களான மைக்கேல் டொமசெல்லோவும் ஆன் குரூகரும் 1992இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: சின்னக் குழந்தைகள் புது வினைச்சொல்லை, செயல் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டதைவிட, நடக்கப்போகும் வேளையில் கேட்டபோது நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

புதிதாக வருகிறவர்களால் அந்த ஒரு மூச்சு பொறுக்க முடிவதில்லை. பிள்ளை "குடு, குடு" என்று இழுக்கும், இவர்கள் உடனே திறந்துவிடுவார்கள். பொறுத்துப் பாருங்கள். மூன்றாம் முறையில் பிள்ளையே "தொற!" என்று கத்தும்.

படம் போட்ட அட்டைகளை இந்த இடத்தில் எடுக்காதீர்கள். திறந்த கதவின் படம் திறந்த கதவைத்தான் காட்டும், திறப்பதைக் காட்டாது. அட்டையில் 'திற' படித்த ஒரு பிள்ளை, கதவைக் காட்டி "இது தொற" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குத் 'திற' என்பது கதவின் இன்னொரு பெயர். மாற்றுவதற்குப் பல நாள் ஆயிற்று.

4. பொருளை மாற்றுங்கள், சொல்லை மாற்றாதீர்கள்

ஒரே டப்பாவைப் பத்துமுறை திறந்தால், 'தொற' என்பது டப்பாவின் மூடியைப் பற்றிய ஏதோ ஒன்று என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு முறைக்கு மேல் ஒரே பொருள் வேண்டாம்.

அழுத்தும் மூடி, திருகும் மூடி, தள்ளும் தீப்பெட்டி, இழுக்கும் ஜிப், தள்ளித் திறக்கும் கதவு. கை செய்யும் வேலை ஒவ்வொன்றிலும் வேறு, சொல் மட்டும் ஒன்று. அப்போதுதான் சொல்லின் பொருள் கையின் அசைவில் இல்லை, நடந்த மாற்றத்தில் இருக்கிறது என்று பிள்ளைக்குப் பிடிபடும்.

இங்கே நடக்கும் பிழை, அழகுக்காகச் சொல்லை மாற்றிச் சொல்வது. "திருகு", "தள்ளு", "இழு", "எடு" எல்லாம் நல்ல சொற்கள்தான், அவை வேறொரு நாளுக்கு. இன்று எல்லாமே 'தொற'.

ஒரு நாளைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அதற்குமேல் போனால் பிள்ளை டப்பாவைத் தாளம் போட எடுத்துக்கொள்ளும்.

5. இனி பிள்ளையின் கை

இரண்டாம் மூன்றாம் நாளில் டப்பாவைப் பிள்ளையிடம் கொடுத்து "நீ தொற, கண்ணு" என்று சொல்லுங்கள். மூடியைக் கொஞ்சம் தளர்த்தியே கொடுங்கள். சுத்தமாகத் திறக்க முடியாததைக் கொடுத்தால் அழுகையோடு பாடம் முடியும்.

கொஞ்சம் கஷ்டப்படுவது நல்லது. பிள்ளை திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டும்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள். "தொறக்க முடியலையா? அத்தை தொறந்து தரட்டுமா?" என்று கேளுங்கள். அந்தச் சமயத்தில் அதற்கு வேண்டிய சொல் 'தொற' ஒன்றுதான். வேண்டிய நேரத்தில் கிடைத்த சொல்லை யாரும் மறப்பதில்லை.

கதவில் பழக்கும்போது கீல் பக்கம் பிள்ளையின் விரல் இல்லாதபடி பக்கத்திலேயே நில்லுங்கள்.

6. 'மூடு' இல்லாமல் 'திற' முழுமையாகாது

'மூடு'வை முதல் நாளே சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்ட பிள்ளைகள், எது எதற்கு என்று குழம்பி டப்பாவைத் திறந்துவிட்டு "மூடு" என்கிறார்கள். 'திற' உறுதியான பிறகு, அதாவது பிள்ளை கேட்டுத் திறக்கவைக்கும் நிலை வந்த பிறகு, 'மூடு'வைக் கொண்டுவாருங்கள்.

இங்கேயும் அதே முறை. சொல், ஒரு மூச்சு, செயல். வளையலை உள்ளே வைத்து "மூடப் போறேன்" என்று சொல்லி மூடுங்கள். வளையல் மறையும். "தொற!" என்று குரல் வரும். இந்த மறைவதும் தெரிவதும்தான் பிள்ளைக்கு இரண்டு சொற்களையும் பிரித்துக்கொடுக்கிறது.

கதவுக்கு மட்டும் 'சாத்து' என்றும் சொல்வோம். வீட்டில் அது பழக்கமாக இருந்தால் அப்படியே விடுங்கள். 'பூட்டு'வை மட்டும் இதோடு கலக்காதீர்கள். அதற்குச் சாவி வேண்டும், அது வேறு வேலை.

7. நடந்தது, நடக்காதது, செய்யக்கூடாதது

ஒரு வினை புரிந்தது என்றால் அதன் வடிவங்களும் புரிந்திருக்க வேண்டும். இந்த வரிசையில் போனால் எளிது: தொற, தொறந்தாச்சு, தொறந்திருக்கு, தொறக்கலை, தொறக்காதே.

'தொறந்தாச்சு'வும் 'தொறந்திருக்கு'வும் பெரியவர்களுக்கு ஒன்றுபோல் தோன்றும். ஒன்று செயல் முடிந்ததைச் சொல்கிறது, மற்றொன்று இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறது. நிலையைக் காட்ட, நீங்கள் திறப்பதைப் பிள்ளை பார்க்காமல் இருக்க வேண்டும். பிள்ளை வருவதற்கு முன்பே அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு, "அட, தொறந்திருக்கே! யார் தொறந்தா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

காற்றில் கதவு தானாகத் திறந்துகொண்டாலும் 'திற'தான், நாம் திறந்தாலும் 'திற'தான். 'உடைந்தது', 'உடைத்தான்' போல இரண்டு வடிவம் இதில் கிடையாது. முதல் பாடத்துக்கு 'திற'வை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

'தொறக்காதே'வைத் தள்ளிப்போடாதீர்கள். திறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை எல்லாவற்றையும் திறந்து பார்க்கும். மருந்துப் பாட்டில், பினாயில், கொசு மருந்து எல்லாவற்றையும் பாடம் தொடங்கும் அன்றே எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். 'தொறக்காதே' என்ற சொல்லை நம்பி அவற்றைக் கீழே வைக்கவே வேண்டாம். பழக்குவதற்கு, தள்ளி நின்று, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் மூடியைக் காட்டி, "சூடு, தொறக்காதே" என்று சொல்லலாம்.

8. வேலி போடுவது: உரி, பிரி, விரி, அவிழ், கழற்று

இப்போது இரண்டாவது குவியலை எடுக்கலாம். இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள்.

'திற' தெரிந்த பிள்ளை அதை எல்லா இடத்திலும் பயன்படுத்தும். வாழைப்பழத்தை நீட்டி "தொற" என்னும், சட்டையைப் பிடித்துக்கொண்டு "தொற" என்னும். ஒரு பிள்ளை விளக்கைப் போடச் சொல்வதற்கும் "லைட்டைத் தொற" என்றது. இதைக் கேட்டுத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்று கலங்க வேண்டாம். பிள்ளை சொல்லின் நடுப்பொருளைப் பிடித்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். எல்லை எங்கே என்றுதான் இன்னும் தெரியவில்லை. பக்கத்துச் சொற்கள் வந்து நின்றால்தான் எல்லை தெரியும்.

தமிழில் இந்த வேலி நெருக்கமானது. பொட்டலத்தைப் பிரிக்கிறோம். குடையை விரிக்கிறோம். முடிச்சை அவிழ்க்கிறோம். பட்டனைக் கழற்றுகிறோம். பழத்தை உரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஏன் தனிச்சொல் என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வழி கிடைத்தது: திரும்பப் பழையபடி ஆக்க என்ன செய்வோம் என்று பாருங்கள்.

திறந்ததை மூடுவோம். விரித்த குடையை மடக்குவோம், விரித்த பாயைச் சுருட்டுவோம். பிரித்த பொட்டலத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட வேண்டும், கழற்றிய பட்டனையும் போட வேண்டும். உரித்ததற்குத் திரும்பும் வழியே கிடையாது. பெரும்பாலும் எதிர்ச்சொல் மாறும் இடத்தில் வினையும் மாறுகிறது.

பிள்ளையிடம் இதைச் செய்துதான் காட்ட வேண்டும். டப்பாவைத் திறங்கள், மூடுங்கள். வாழைப்பழத்தை உரியுங்கள். "மூடலாமா?" என்று கேட்டுத் தோலை மேலே இழுத்துப் பாருங்கள், தொங்கும். பிள்ளை சிரிக்கும். "மூட முடியலை. இதை உரிச்சாச்சு" என்று முடியுங்கள். இரண்டு மூன்று முறை செய்ததும் பழத்துக்கு 'உரி' நிலைத்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு ஒரு சொல் மட்டும். முதலில் 'உரி', ஏனென்றால் அது திறப்பதிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது, சாப்பிடவும் பழம் கிடைக்கிறது. பிறகு 'விரி', அதன் பின் 'கழற்று', 'அவிழ்'. கடைசியாகப் 'பிரி'. பொட்டலத்துக்குள்ளும் ஏதோ ஒன்று மறைந்திருப்பதால், 'திற'வுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். குழப்பம் அதிகம் வருவதும் அதில்தான்.

திருத்தும்போது "தப்பு, அப்படிச் சொல்லக்கூடாது" வேண்டாம். பிள்ளை "பழத்தைத் தொற" என்றால், "ஓ, பழத்தை உரிக்கணுமா? வா, உரிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே உரித்துக் கொடுங்கள். கேட்டது கிடைத்துவிட்டது, சரியான சொல்லும் இரண்டுமுறை காதில் விழுந்துவிட்டது. "உரின்னு சொன்னாத்தான் தருவேன்" என்று பழத்தைப் பின்னால் மறைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை சொல்லே சொல்லாமல் கையை மட்டும் நீட்டுகின்றன. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும்.

புத்தகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். திறக்கவும் செய்கிறோம், விரிக்கவும் செய்கிறோம். மூடுகிறோம் என்பதால் 'திற' பொருந்துகிறது. பிள்ளை எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. "தொறக்கறதுன்னா என்ன?" என்று பிள்ளையே கேட்டால்

நான்கரை, ஐந்து வயதில் இந்தக் கேள்வி வரும். அதற்கு முன் நீங்களாக இதைக் கேட்காதீர்கள். செய்யத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி வந்தால் பதிலை "எப்போ செய்வோம்" என்ற வடிவில் சொல்லுங்கள்: "டப்பா மூடியிருக்கும்போது உள்ள இருக்கறது தெரியாது இல்லையா? மூடியை எடுத்தா தெரியும். அதுதான் தொறக்கறது. அப்புறம் திரும்ப மூடிக்கலாம்." இதில் பிள்ளை கண்ணால் பார்த்த சங்கதிகள் மட்டும்தான் இருக்கின்றன. சொல்லி முடித்ததும் "நீ வேற என்னெல்லாம் தொறப்பே?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பட்டியலில்தான் உண்மையான புரிதல் தெரியும்.

10. புரிந்துவிட்டதா என்று பார்ப்பது

பழகிய பொருளில் சோதிக்காதீர்கள். டப்பாவை நீட்டி "தொற" என்றால், சொல் புரியாவிட்டாலும் பிள்ளை திறக்கும். டப்பாவை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

புதுப் பொருள் ஒன்று கொடுங்கள், உதாரணமாக மூக்குக்கண்ணாடிக் கூடு. அதை வைத்து மூன்று வேலை சொல்லுங்கள்: "மேல தூக்கு", "தொற", "கீழ வை". வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். 'தொற' வரும்போது மட்டும் திறந்தால் சொல் புரிந்திருக்கிறது. சொல்லும்போது கூட்டைப் பார்க்காதீர்கள், கையாலும் சைகை காட்டாதீர்கள். பிள்ளைகள் நம் கண்ணைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

தவறினால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், நான்கைந்து நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

11. கடை, குழாய், அணை

டப்பாபோல மூடி இல்லாத திறப்புகள் கடைசியில். குழாயைத் திறப்பதில் தொடங்கலாம். அங்கே எதுவும் மறைந்து நிற்பதாகத் தெரியாது, தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். "உள்ள தண்ணி நிக்குது, தொறந்தா வெளிய வரும்" என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு "கடை தொறந்திருக்கா?", "ஜூன் மாசம் ஸ்கூல் தொறப்பாங்க". கடைக்கு, ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அழைத்துப்போய்க் காட்டிவிட்டால் போதும்.

காவிரிப் படுகை வீடுகளில் பிள்ளைகள் "மேட்டூர் தொறந்தாச்சா?" என்ற பேச்சைக் கேட்டே வளர்கிறார்கள். குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். இது குழாயின் பெரிய வடிவம்தான் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். ஒரு தொட்டியில் மண்ணால் வரப்புக் கட்டி, நடுவில் ஓர் அட்டையைச் செருகித் தண்ணீர் ஊற்றுங்கள். "தொறக்கப் போறேன்" என்று சொல்லி அட்டையைத் தூக்கிவிடுங்கள்.

12. அடுத்த வினைக்குப் போகும்போது

ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிள்ளை கேட்காமலே, விளையாட்டின் நடுவில், சரியான இடத்தில் சொல்லும் நாள்வரை பொறுங்கள்.

அடுத்ததாக 'ஊற்று' நல்லது. அதற்கும் வேலி உண்டு: தண்ணீரை ஊற்றுகிறோம், அரிசியைக் கொட்டுகிறோம், கை தவறினால் சிந்திவிடுகிறது. அதன் பின் 'வெட்டு'. முடியை வெட்டுகிறோம், காயை நறுக்குகிறோம், காகிதத்தைக் கிழிக்கிறோம். எந்த வினையை எடுத்தாலும், தொடங்குமுன் அதன் எதிர்ச்சொல்லையும் பக்கத்துச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் எடுப்பது, எதை ஒளித்துவைப்பது என்பது அந்தத் தாளிலிருந்தே தெரியும்.

'நினை', 'நம்பு', 'மற' போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. எடுத்துக் காட்ட டப்பா எதுவும் அங்கே இல்லை. அவற்றைக் கதை சொல்லும்போதுதான் கொடுக்க முடியும்.